கறுப்பு டேப்புக்கு அடியில்

மார்ச் 9

தம்பிக்கு,

நீ போய் ஏழு வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததாக நாலு வரி வந்தது, அதுவும் அம்மா பெயருக்கு. உன் கோபம் உன்னோடு இருக்கட்டும். இது சமாதானக் கடிதம் இல்லை. எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

பின்னறையில் நீ விட்டுப்போன, லேப்டாப் சொல்படி பலகை செதுக்கும் மெஷினைத் தொட்டுவிட்டேன். கேட்காமல் தொட்டது தப்புதான். ஆனால் உன் சர்வே முகாமில் ஃபோன் கிடையாது, பதினைந்து நாளைக்கு ஒரு வண்டிதான் வரும் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் அனுமதிக்குக் காத்திருந்தால் வேலை நடக்காது.

எங்கள் பள்ளி ஜூன் முதல் தேதி புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. எழுபத்திரண்டு பிள்ளைகள், ஒருவருக்கும் பார்வை இல்லை. பழைய கட்டடம் அவர்களுக்குக் காலிலேயே மனப்பாடம். எந்தத் தூண் எங்கே, எந்தப் படி உடைந்தது, எல்லாம் தெரியும். புதியது மூன்று மாடி. முதல் நாளே நாலு பேர் படியில் உருண்டால் என்ன செய்வது? கட்டடத்தின் வரைபடத்தைப் பலகையில் செதுக்கிக் கொடுத்தால் விரலால் தடவி முன்கூட்டியே படித்துக்கொள்வார்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில் வாயைக் கொடுத்தேன். தலைமையாசிரியர் அங்கேயே என் தலையில் கட்டிவிட்டார். மாடிக்கு நான்கு வீதம் பன்னிரண்டு பலகை.

லேப்டாப்பில் நீ ஒட்டிவைத்த சீட்டைப் பார்த்து, 'முதலில் கன்ட்ரோல் டப்பா, பிறகு லேப்டாப், கடைசியில் ஸ்பிண்டில்' என்ற வரிசைப்படியே போட்டேன். ஓடியது. முதல் பலகையை எங்கள் பாட்டு சாரிடம் கொடுத்தேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பலகையை ஒரு தடவை தடவிவிட்டு, "டீச்சர், இந்த ஹாலை யாரோ ரெண்டு பக்கமும் பிடிச்சு நசுக்கின மாதிரி இருக்கே" என்றார். அளந்து பார்த்தேன். நீளம் சரி. அகலத்தில் நூறு மில்லிமீட்டர் வரவேண்டிய இடத்தில் எண்பதுதான் வருகிறது.

அது ஒரு தொல்லை. இன்னொன்று, பலகை பாதி வெட்டும்போது திரையில் 'அலாரம், லிமிட்' என்று வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன எல்லைச் சுவிட்சுகளை எதுவும் தொடவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேய் வந்து தொடுகிறதா?

மூன்று பலகை இப்படிப் பாழ். அம்மா தினமும், "மருமக இன்னிக்கும் முரண்டு பிடிக்கிறாளா?" என்று கேட்கிறாள். நீ கல்யாணத்தைத் தள்ளிவிட்டு அதோடு குடித்தனம் நடத்தியதால் மெஷினுக்கு அந்தப் பெயர்.

நீ கிளம்பிய அன்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. எதைத் தொட்டாலும் பாதிக் கிணறு தாண்டுகிறவன்தான் நீ. அதற்காகச் சொல்லிக்கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்களா?

பதில் போடு.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டோர் ரூமில் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். வண்டி இன்னும் இரண்டு மணி நேரத்தில் கிளம்பும், அதற்குள் எழுதி முடிக்கவேண்டும். நீ மெஷினைத் தொட்டதற்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம். 'இந்த வீட்டில் இடத்தை அடைக்கிற சனியன்' என்று நீ அதைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

அகலம் குறைவது என் வேலை. ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை சிறு அடி வைக்கவேண்டும் என்று சாஃப்ட்வேரில் ஓர் எண் இருக்கும். அகலவாட்டு மோட்டாருக்கு எண்பது என்று போட்டிருப்பேன். அது இருபது பல் சக்கரத்துக்கான கணக்கு. பிறகு அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பதினாறு பல் சக்கரம் மாட்டினேன். எண்ணை மாற்றவில்லை. நூறு என்று மாற்று. மாற்றியதும் வெறும் மெஷினை நூறு மில்லிமீட்டர் ஓட்டி, ஸ்கேல் வைத்துப் பார். உன் பாட்டு சாரின் விரலுக்கு என் வணக்கம். நான் கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்காததை அவர் தடவிக் கண்டுபிடித்திருக்கிறார்.

அலாரம் பேய் இல்லை. மின் இரைச்சல். வெட்டுகிற ஸ்பிண்டிலுக்குப் போகும் தடித்த வயரும், சுவிட்சுகளிலிருந்து வரும் மெல்லிய வயர்களும் ஒரே கட்டாகப் போகின்றன. ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் காதில் ரகசியம் சொல்வதுபோல. சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று. சுவிட்சைத் தொட்டதாகக் கன்ட்ரோல் போர்டு நினைத்துக்கொள்கிறது.

வயர் கட்டைப் பிரி. தடித்ததை மேஜையின் வலப்பக்கமும் மெல்லியவற்றை இடப்பக்கமும் கொண்டுபோ. மெல்லியவற்றுக்குப் பதிலாக, உள்ளே வலை சுற்றிய ஷீல்டு வயர் வாங்கிப் போடு. அந்த வலையை டப்பா பக்கத்து முனையில் மட்டும் எர்த்தில் சேர், இரண்டு முனையிலும் சேர்த்துவிடாதே. எலக்ட்ரானிக்ஸ் கடையில் '104' என்று எழுதிய சின்ன கப்பாசிட்டர் கேள். சுவிட்ச் வயர் போர்டில் சேரும் இடத்தில், வயருக்கு ஒன்றாகக் குறுக்கே போடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நான் இங்கே கருவி மெக்கானிக். சர்வேக்காரர்களின் தொலைநோக்கிகளும் மட்டக்கருவிகளும் சரியாக இருக்கின்றன என்று தினமும் காலையில் கையெழுத்துப் போடுவது என் வேலை. பாதிக் கிணறு தாண்டுகிறவனை நம்பித்தான் இங்கே முப்பது பேர் மலை விளிம்பில் நிற்கிறார்கள். அதை உனக்குச் சொல்லத் தோன்றியது.

இன்னும் ஒன்று எழுத நினைத்தேன். வண்டிக்காரர் கூப்பிடுகிறார். அடுத்த முறை எழுதுகிறேன்.

உன் தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

மெஷின் ஓடுகிறது. ஒருமுறைகூட அலாரம் வரவில்லை. நூறு என்றால் நூறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நீ எழுதியது எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. அதை ஒரே வாரத்தில் பள்ளி முடிந்து வந்து வந்து செய்தேன். வயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுத்தான் கழற்றினேன். பிள்ளைகளுக்கு நோட்டுக்கு அட்டை போட்ட கை இது. டப்பாவுக்குள் கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு ஒன்று இருந்தது. அதை மட்டும் பிரிக்கவில்லை. நீ சுற்றியது, காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பலகை முடிந்தது. பாட்டு சார் தினமும் பள்ளி விட்டதும் என்னோடு வந்து பின்னறையில் உட்காருகிறார். ஒவ்வொரு வராந்தாவும் எவ்வளவு ஆழம் இருக்கவேண்டும், படிக்கட்டுக்கு என்ன அடையாளம் என்று அவர்தான் சொல்கிறார். படிக்கட்டை நான் வரிவரியாகப் போட்டிருந்தேன். "இது ஜன்னல் கம்பி மாதிரி இருக்கு டீச்சர், ஏறத் தோணலயே" என்றார். இப்போது ஒவ்வொரு படியும் அரை மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டே போகிறது. தடவினால் விரல் தானாக ஏறுகிறது.

அவருக்கு மெஷினின் சத்தம் பிடித்துப்போய்விட்டது. கட்டர் மழுங்கினால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது, சுருதி இறங்குகிறது என்கிறார். நான் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கவோ, வாசலுக்கோ போகவேண்டியிருந்தால் அவரைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் போகிறேன். பயந்து சாகாதே. அந்தச் சிவப்புப் பொத்தான் இருக்கும் இடத்தை அவர் கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறேன். சத்தம் மாறினால் யோசிக்காமல் அதை அடியுங்கள், எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை நேராக அதன்மேல் போகிறது.

உன் கடிதத்தின் கடைசியில் ஏதோ எழுத வந்து விட்டுவிட்டாய். பழைய சண்டை பற்றி என்றால் அதைவிடு. நானும் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். முப்பது பேர் உன்னை நம்பி நிற்கிறார்கள் என்று படித்தபோது அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

மற்றதைப் பிறகு படி. முதலில் போய் மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கு. சிவப்புப் பொத்தான் வேலை செய்யாது.

பிடுங்கிவிட்டாயா? இனிமேல் படி.

வண்டி முந்தாநாள் வந்து போய்விட்டது. நான் ஐந்து நாளாக மேல் பாறையில் கருவிகளோடு இருந்தேன். இன்றைக்குத்தான் இறங்கிவந்து உன் கடிதத்தைப் பார்த்தேன். அடுத்த வண்டி பதினாறாம் தேதி. இந்தக் கடிதம் பதின்மூன்று நாள் இங்கே மேஜைமேல் கிடக்கப்போகிறது. அதற்குள் நீ எத்தனை பலகை வெட்டுவாய், அவரை எத்தனை தடவை தனியாக விட்டுவிட்டுப் போவாய் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

டிசம்பரில் அந்தப் பொத்தானும் இரைச்சலில் மாட்டிக்கொண்டது. யாரும் அழுத்தாமலே நின்று நின்று போனது. காரணம் தேடப் பொறுமை இல்லை. பொத்தானிலிருந்து வரும் இரண்டு வயரையும் டப்பாவுக்குள் ஒன்றாக முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றிவிட்டேன். அப்போதைக்கு மட்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பொத்தானை அடித்தாலும் போர்டுக்கு ஒன்றும் தெரியாது. நான் எப்போதும் பிளக்கில் ஒரு கை வைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன், அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறந்துபோய் இதை எழுதாமல் விடவில்லை. போன கடிதத்தில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் எட்டு வரி. நீ பாதிக் கிணறு என்று எழுதியிருந்ததற்குக் கீழே அந்த எட்டு வரியை வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி என்று நானே கையெழுத்துப் போட்டுத் தருவதுபோல இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். முப்பது பேர் என்னை நம்பி நிற்கிறார்கள் என்று அதற்குப் பதிலாகத்தான் எழுதினேன்.

ஏப்ரல் 4

நேற்று மாலை முகாம் அதிகாரியிடம் போனேன். இங்கே ஒரு வயர்லெஸ் உண்டு. காலையும் மாலையும் தலைமை அலுவலகத்துக்கு அளவுகளைப் படிப்பதற்கு மட்டும். சொந்த விஷயம் பேச விடமாட்டார்கள். கெஞ்சி ஒரு வரி அனுப்ப வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் நம் வீட்டு நம்பர் இருக்கிறது, இன்றோ நாளையோ உனக்கு ஃபோன் வரும். மெஷினைத் தொடவேண்டாம் என்று சொல்வார்கள். அதைக் கேட்டு நீ நிறுத்தியிருப்பாய். இந்தக் கடிதம் வரும்போது இதெல்லாம் பழைய கதையாகி, நீ என்னைத் திட்டிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பாய். திட்டு. நன்றாகத் திட்டு.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஐந்தாம் தேதி உன் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தா ஃபோன் செய்தார். "உங்க தம்பி சொன்னாரு, மெஷின்ல ரிப்பேர் இருக்காம், தொட வேண்டாமாம்" என்றார். என்ன ரிப்பேர் என்று கேட்டேன். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்றார். நல்லபடி ஓடுகிற மெஷினில் என்ன ரிப்பேர்? வெளி ஆள் ஒருவர் வந்து உட்காருகிறார் என்று படித்ததும் உனக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். சின்ன வயதில் நான் உன் சைக்கிளை எடுத்தால் பெல்லைக் கழற்றி ஒளித்துவைப்பாயே, அந்தப் புத்தி என்று நினைத்தேன். கோபத்தில் அன்றைக்கே ஐந்தாவது பலகையை வெட்டி முடித்தேன்.

எட்டாம் தேதி ஆறாவது பலகை. பாதி வெட்டியிருந்தபோது பிளைவுட் கடை வண்டி வந்தது. பாட்டு சாரைக் காவலுக்கு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வாசலுக்குப் போனேன். மூன்று நிமிஷம் இருக்கும். பலகையைப் பிடித்திருந்த கிளாம்ப் ஒன்று தளர்ந்திருக்கிறது. பலகை எழும்பி, கட்டர் அதில் மாட்டி, ஒரு கிறீச் சத்தம் வாசல்வரை கேட்டது. நான் ஓடினேன். ஓடும்போது பொத்தான் சத்தம் கேட்டது. டக், டக், டக். மூன்று தரம். மெஷின் நிற்கவில்லை.

"டீச்சர், நிக்கல" என்றார். கத்தக்கூட இல்லை. எனக்குத் தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

பிளக்கைப் பிடுங்கலாம் என்று மேஜை ஓரமாக வயரைத் தேடித் துழாவியிருக்கிறார். வயர் போகும் பாதையை நான்தானே மாற்றிவைத்தேன். அவர் கை போன பக்கமே மெஷினும் வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கியபோது நேரம் கடந்துவிட்டது.

வலது கை ஆட்காட்டி விரல். ஒன்பது தையல். எலும்பு தப்பித்தது. நரம்பு ஒன்று அறுந்திருந்ததை ஒட்டியிருக்கிறார்கள். உணர்ச்சி திரும்புமா என்பது மூன்று மாதம் போனால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். விரல் ஆடுமா மடங்குமா என்று பாட்டு சார் கேட்கவில்லை. "படிக்க முடியுமா டாக்டர்?" என்று ஒன்றுதான் கேட்டார். அவர் புத்தகம் படிப்பதும், ஸ்வரக் குறிப்பு படிப்பதும் அந்த ஒரு விரலில்.

பின்னறையைப் பூட்டிவிட்டேன். ரத்தத்தைத் துடைத்தது அம்மா. என்னால் உள்ளே போக முடியவில்லை.

வயர்களைப் பிரித்தபோது நான் எதையோ இழுத்துவிட்டேன். சீட்டு ஒட்டினேன், இரண்டு முறை சரிபார்த்தேன், இருந்தும் எங்கேயோ விட்டுவிட்டேன். பொத்தானை ஒருமுறை அழுத்திச் சோதித்திருக்கவேண்டும். சோதிக்காமல் ஒரு மனுஷர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, இதை நம்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பள்ளியில் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

உனக்கு ஒரே கேள்வி. பொத்தானுக்குப் போவது பச்சை வயர் ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டில் எது கழன்றால் இப்படி ஆகும்? வரைந்து அனுப்பு. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதே. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

நீ எதையும் இழுக்கவில்லை. பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. இந்த உறையில் இரண்டு கடிதம் இருக்கிறது. மூன்றாம் தேதியிட்டதை முதலில் படி. படித்துவிட்டு இதற்கு வா.

இன்று காலை வண்டி வந்தது. முகாம் குமாஸ்தா உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார். நின்றபடியே படித்தேன். என் கடிதம் அவர் மேஜைமேல் தபால் பையில் இருந்தது. பையின் வாயை இன்னும் கட்டவில்லை. உறையில் முகவரி திருத்தவேண்டும் என்று பொய் சொல்லி அதை வெளியே எடுத்தேன். எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்றேன்.

உனக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ பழியை உன் தலையில் போட்டுக்கொண்டு, எந்த வயர் என்று மட்டும் கேட்கிறாய். பச்சை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். கறுப்பு டேப்பை லீவில் வரும்போது நானே பிரித்துவிடலாம். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே அரை மணி நேரம் நின்றேன். கிழிக்க ஒரு மூலையை மடக்கிக்கூடப் பார்த்தேன். உறையின் மூலையைப் பார், மடிப்பு இருக்கும். அந்த அரை மணி நேரமும் உனக்குத் தெரியவேண்டும்.

வயர்லெஸ் விஷயத்தையும் நான் முழுதாக எழுதவில்லை. அதிகாரி என்னிடம், "உயிர் போற விஷயமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கவேண்டும். அறையில் ஐந்தாறு சர்வேக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சரி என்று கையெழுத்துப் போட்ட கருவிகளை நம்பித்தான் மறுநாள் அவர்கள் பாறை ஏறவேண்டும். நிறுத்துகிற பொத்தானை நானே செத்த பொத்தானாக்கி வைத்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "அதெல்லாம் இல்ல சார், ஒரு சின்ன ரிப்பேர்" என்றேன். 'பொத்தான் வேலை செய்யாது' என்று மூன்று வார்த்தை போயிருந்தால் நீ அன்றைக்கே நிறுத்தியிருப்பாய்.

இன்று மதியம் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சர்வேக்காரரைக் கூப்பிட்டு, நான் கையெழுத்துப் போட்ட கருவிகளையெல்லாம் என் முன்னாலேயே இன்னொரு முறை சோதிக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தன. அதில் எனக்கு நிம்மதி வரவில்லை.

அடுத்த வண்டியில், மே முதல் தேதி, கிளம்பி வர லீவு கேட்டிருக்கிறேன். பாட்டு சாரைப் பார்க்கவேண்டும். வரலாமா?

தம்பி


ஏப்ரல் 24

உன் உறை வந்தது.

பின்னறையைத் திறந்து டேப்பை வெட்டிப் பார்த்தேன். நீ எழுதியபடியே இரண்டு வயரும் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு இருந்தன. பதினாறு நாளாகத் தூங்காமல் என் கை எங்கே தவறியது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்காக முதலில் அழுகை வந்தது. பிறகு உன்மேல் வந்த கோபத்தை நான் எழுதப் போவதில்லை.

இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு பாட்டு சாரின் அறைக்குப் போனேன். அவர் பள்ளி விடுதியிலேயே தனியாக இருக்கிறார். வாய்விட்டுப் படித்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்த அரை மணி நேரத்த இன்னொரு தடவ படிங்க" என்றார். படித்தேன். நீ வரலாமா என்று கேட்டதையும் சொன்னேன்.

"வரட்டும். இதெல்லாம் உங்க வாயால கேட்டா போதாது" என்றார்.

எலெக்ட்ரீஷியனை வரவைத்துப் பொத்தானை மாற்றியாகிவிட்டது. இப்போது அழுத்தினால் போர்டைக் கேட்டுக்கொண்டு நிற்காது, மொத்த மின்சாரமும் போகும். இரைச்சல் தொல்லையும் இல்லை. அது நீ எனக்கு எழுதிய அதே ஷீல்டு வயரால் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. ஒரு மணி நேர வேலை என்றார். எத்தனை மாதமாக இப்படி இருந்தது என்று கேட்டார். நான் கூலியை எடுத்துக் கொடுத்தேன்.

ஏழு பலகை பாக்கி. வெட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓடவிட்டு, பொத்தானை அழுத்தி, நிற்கிறதா என்று பார்த்த பிறகே பலகையை வைக்கிறேன். இனி அறையைவிட்டு நகருவதில்லை. வாசலில் யார் கூப்பிட்டாலும் நிற்கட்டும்.

அம்மா இப்போது அதை மருமகள் என்று சொல்வதில்லை.

நீ வந்தால் சாப்பாடு இருக்கும், படுக்க இடம் இருக்கும். என்னிடம் அதற்குமேல் இப்போது எதிர்பார்க்காதே.

அக்கா


மே 16

அக்கா,

முகாமுக்கு வந்து சேர்ந்தேன். வண்டி திரும்ப ஒரு மணி நேரம் இருக்கிறது.

பத்து நாளும் நீ என்னிடம் 'சாப்பிடு', 'குழாயை மூடு' தவிர வேறு பேசவில்லை. நேற்று முன்தினம் பெட்டியை எடுக்கும்போதுதான், "தினமும் அவர் அறையில என்னதான் பண்ணின?" என்று கேட்டாய். சொல்லாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இதிலாவது சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் நான் பொத்தானைப் பற்றிச் சொன்னேன், கிழித்த தாளைப் பற்றிச் சொன்னேன், ஸ்டோருக்குப் பின்னால் நின்றதைச் சொன்னேன். உனக்கு எழுதியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் முகம் என் பக்கமே இருந்தது. சொல்லி முடித்ததும், "எல்லாரும் விரல் எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. நீ மட்டும் கேக்கல. ஏன்?" என்றார்.

பயமாக இருக்கிறது என்றேன்.

"கேளு."

கேட்டேன்.

"சூடு தெரியுது. எழுத்து தெரியல" என்றார்.

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். எத்தனை நாள் லீவு என்று கேட்டார். பத்து நாள் என்றேன். இடது கை விரலுக்குப் படிக்கப் பழக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒரு பிரெயில் புத்தகத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதே புத்தகத்தின் அச்சுப் பிரதியை என்னிடம் கொடுத்தார். பழைய பயணக் கதை ஒன்று. "நான் படிக்கறேன். நீ பார்த்துக்கிட்டே வா. தப்பு வந்தா நிறுத்து" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

முதல் நாள் ஒரு மணி நேரத்தில் பதினொரு வரி. நாற்பது வருஷமாகக் கடகடவென்று படித்தவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். நெற்றியில் வேர்த்தது. நான் நிறுத்திக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் ஒருமுறை கோபம் வந்து புத்தகத்தை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பிறகு தானே திறந்தார். நீ வெட்டிய பன்னிரண்டாவது பலகையைத் தலைமையாசிரியர் கொண்டுவந்து காட்டியது அன்றைக்குத்தான். இடது விரலாலேயே தடவி, வடக்கு வாசல் கட்டடக் கணக்கில் அரை அடி தள்ளியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். நீ அதைத் திரும்ப வெட்டினாய், எதற்கு என்று எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

கடைசி நாள் இரண்டு பக்கம் படித்தார். குரலில் ஓர் ஓட்டம் வந்திருந்தது. நடுவில் நான் நிறுத்தவே தேவை இருக்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். பக்கத்தின் கடைசிக்குப் பக்கத்தில், 'மாலைக்குள் ஆற்றைக் கண்டார்கள்' என்று படித்துவிட்டு மேலே போனார். என் கையிலிருந்த பிரதியில் 'கடந்தார்கள்' என்று இருந்தது.

இரண்டும் பொருந்தித்தான் வந்தது, அக்கா. கதை எங்கேயும் இடிக்கவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் கிளம்பிவிடுவேன். விட்டுவிடலாமா என்று ஒரு வரி முழுக்க நினைத்தேன்.

"சார், நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார். சிரிப்பு போய்விட்டது. எந்த வரி என்று கேட்டார். சொன்னேன். விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், அந்த வார்த்தைமேல் மெதுவாக, இரண்டு முறை ஓட்டினார்.

"கடந்தார்கள்" என்றார். பிறகு மேலே படித்தார்.

தம்பி